நடாமலே வளரும் மரங்கள்: சென்னையின் புதர்க்காடு, புல்வெளி, சவானா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மரம் நட ஆள் கிடைக்காமல் இருந்ததே இல்லை. ஐப்பசி பிறந்தால் போதும், ஏரிக்கரையெல்லாம் குழியும் கன்றுமாக இருக்கும். ஆனால் அதே கரையில் யாரும் நடாமல் முளைத்து நிற்கும் நுணாவையும் உசிலையும் மிதித்துக்கொண்டுதான் அந்தக் குழிகளைத் தோண்டுகிறோம். தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரிப் பக்கம் ஏரிக்கரைகளையும் கல்லூரி வளாகங்களையும் கவனித்துக்கொள்ளும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இயற்கை மறுவளர்ச்சி என்றால் என்ன?

மனிதர் நடாமல் நிலம் தானே மரங்களை மீட்டுக்கொள்வது. அது நான்கு வழிகளில் நடக்கும். தாய்மரத்தடியில் விழுந்த விதை முளைப்பது ஒன்று. பறவையும் விலங்கும் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து போடும் விதை இன்னொன்று. வெட்டப்பட்ட அடிக்கட்டையிலிருந்து தழையும் மறுதாம்பு மூன்றாவது. பக்கவாட்டில் ஓடும் வேரிலிருந்து கிளம்பும் வேர்க்கன்று நான்காவது. வறண்ட நாட்டு மரங்களுக்குக் கடைசி இரண்டும் மிக முக்கியம். நான்கு வருஷமாக முழங்கால் உயரத்திலேயே நிற்கும் ஒரு இலந்தையைப் பார்த்துச் 'சின்னக் கன்று' என்று நினைப்போம். மண்ணுக்குள் அதன் வேர் எவ்வளவு முதிர்ந்தது என்பது தோண்டினால்தான் தெரியும்.

சவானா ஆப்பிரிக்காவில் அல்லவா இருக்கிறது? சென்னைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

புல்லும் மரமும் ஒரே நிலத்தைப் பங்குபோட்டுக்கொண்டு, மரத்தின் உச்சிகள் ஒன்றோடொன்று முட்டாமல், வெயில் தரைவரை இறங்கும் நிலம்தான் சவானா. ஆப்பிரிக்காவில் அது பரந்து கிடக்கிறது. நம்மிடமும் உண்டு, அதைச் 'சீரழிந்த காடு', 'தரிசு' என்று எழுதிவைத்திருப்பதால் கண்ணில் படுவதில்லை. கரூர், திருப்பூர், ஈரோடு பக்கத்துக் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலம் சிறந்த உதாரணம்: கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல், சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே காங்கேயம் மாடுகள். அந்த வெள்வேல் மரங்கள் பெரும்பாலும் தானாக வந்தவை. மாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைப் போடுகிறது, விவசாயி வேண்டியதை விட்டு மற்றதைக் களைகிறார். தலைமுறை தலைமுறையாக நடக்கும் மறுவளர்ச்சி மேலாண்மை இது. தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டில் வெளிமான் திரியும் குடைவேல் நிலமும் இதே குடும்பம்.

சென்னையைச் சுற்றி நிலைமை கலவையானது. கிண்டி, நன்மங்கலம், வண்டலூர் ஆகிய இடங்களில் உலர் பசுமைமாறாக் காடும் (வறண்ட மாதங்களிலும் பசுமையாக நிற்கும் மரங்களின் காடு) முட்புதரும் திறந்த புல்வெளியும் அடுத்தடுத்து வருகின்றன. வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடுகிறது; மற்ற மாதங்களில் மண் காய்கிறது. அதனால் சவானா மரங்களுக்கு இருக்கும் சிக்கல்கள் (நீண்ட வறட்சி, மேய்ச்சல், தீ) நம் மரங்களுக்கும் உண்டு. தப்பிக்கும் வழிகளும் ஏறக்குறைய அவையே. பழந்தமிழர் முல்லை நிலத்துக்குச் சொன்ன குருந்தும் காயாவும் கொன்றையும் இன்றும் இந்த நகரத்தின் ஓரங்களில் தானே முளைக்கின்றன என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

நடுவதைவிட இது ஏன் மேல்?

வேர். நாற்றங்கால் பையில் வளரும் கன்றின் ஆணிவேர் பையின் அடியில் முட்டிச் சுருள்கிறது. நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிராமல் போகலாம். இருந்த இடத்திலேயே முளைத்த கன்று மேலே இரண்டு இலை விடுவதற்குள் கீழே பல மடங்கு ஆழம் போய்விடுகிறது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தபோது தெருவெங்கும் சாய்ந்து கிடந்தவற்றில் தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, மயில்கொன்றை போன்ற வெளிநாட்டு நிழல் மரங்கள் ஏராளம். அவற்றின் வேர்களைச் சுற்றி சிமென்ட் போட்டதும் ஒரு காரணம்தான், மரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஆழமாக வேர் இறக்கிய மரத்துக்கும் மேலாகப் பரப்பிய மரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒரே நாளில் நகரமே பார்த்தது.

இன்னொன்று, தானாக வருவது அந்த மண்ணுக்குப் பொருந்தியது. எந்த மரம் எங்கே நிற்க வேண்டும் என்று நாம் முடிவு செய்யத் தேவையில்லை. விதை, கன்று, தண்ணீர் லாரிச் செலவும் இல்லை.

சுற்றுவட்டாரத்தில் தாய்மரமே இல்லாத இடத்தில், மண்ணை மொத்தமாக வழித்தெடுத்த குவாரியில், கட்டட இடிபாடு கொட்டிய மனையில் மறுவளர்ச்சிக்காகக் காத்திருப்பது வீண். அங்கே நடத்தான் வேண்டும்.

எந்தெந்த மரங்கள் தானாக வரும்?

பறவைகள் தின்னும் பழ மரங்கள் முதலில் வரும்: வேம்பு, நுணா, களா, காரை, சூரை, நாவல். குயிலும் கொண்டைக்குருவியும் மைனாவும் எங்கே உட்காருகின்றனவோ அங்கே விதை விழும். அதனால்தான் மின்கம்பிக்குக் கீழேயும் வேலி ஓரத்திலும் கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. மரநாய் இரவில் பெரிய விதைகளையும் தூக்கிச் செல்கிறது.

காய் தின்று விதை பரப்பும் கூட்டம் வேறு. வேல மரங்களின் கெட்டி விதை ஆடு, மாடு, மான் வயிற்றுக்குள் போய் வந்தால் முளைப்பது எளிதாகிறது. அதைவிடச் சுவாரசியம் என்னவென்றால், காய் மரத்திலேயும் தரையிலேயும் கிடக்கக் கிடக்க விதைவண்டு உள்ளே புகுந்து விதையைக் காலி செய்துவிடும். சீக்கிரம் ஒரு விலங்கு தின்றுவிட்டால் அந்த விதைக்கு வண்டிடமிருந்து விடுதலை. மேய்ச்சலை மொத்தமாகத் தடைசெய்வது ஏன் எப்போதும் நல்லதல்ல என்பதற்கு இது ஒரு காரணம்.

குருந்து, காயா, வீரை, பாலை போன்ற உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள் மெதுவாக வருபவை. அவற்றுக்கு இளம்பருவத்தில் கொஞ்சம் நிழல் வேண்டும். வெட்டவெளியில் அவற்றை எதிர்பார்க்காதீர்கள். களாப் புதருக்குள் கையை விட்டுப் பாருங்கள், முள்ளின் காவலில் ஒன்றிரண்டு நிற்கும்.

முளைப்பது நிறைய முளைக்கிறது. ஆனால் மரமாக ஆவதில்லையே, ஏன்?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சவானா மரத்தின் வாழ்க்கையில் கடினமான கட்டம் முளைப்பது அல்ல, முழங்காலிலிருந்து தலைக்கு மேல் போவது. அந்த உயரத்துக்குள்தான் மானின் வாயும் புல் தீயின் நாக்கும் எட்டும். கன்று ஒவ்வொரு வருஷமும் கிளம்பும், கடிபடும் அல்லது கருகும், மறுபடி வேரிலிருந்து கிளம்பும். சாகாது, வளரவும் செய்யாது. இப்படிப் பத்து இருபது வருஷம் குட்டையாகவே நிற்கும் கன்றுகள் உண்டு. ஏதோ இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து தீயும் இல்லாமல், கடிப்பதும் குறைந்தால், வேரில் சேர்த்து வைத்திருந்த பலத்தோடு ஒரே மூச்சில் மேலே போய்விடும்.

இதற்கு ஆப்பிரிக்காவில் நல்ல சான்றுகள் இருக்கின்றன. தான்சானியாவின் செரெங்கெட்டியில் ரிண்டர்பெஸ்ட் எனும் மாட்டு வெக்கை நோய் காட்டுமாடு போன்ற வில்டபீஸ்ட்டுகளைப் பல பத்தாண்டுகள் கொன்றுகொண்டிருந்தது. 1960களில் நோய் அடங்கியது. சில லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் 1970களின் கடைசியில் பத்து லட்சத்தைத் தாண்டியது. அவை புல்லைத் தின்றன. எரிய புல் இல்லாததால் தீ குறைந்தது. தீ குறைந்ததால் மரக்கன்றுகள் மேலெழுந்தன. மேய்ச்சல் கூடியதால் மரம் கூடியது! அதே நாட்டின் மன்யாரா ஏரிக்கரையில் நடந்தது இதற்கு நேரெதிர் வழி. அங்கே ஆந்த்ராக்ஸ் நோயில் இம்பாலா மான்கள் பெருமளவு இறந்தபோது வேலங்கன்றுகள் ஒரே சமயத்தில் கிளம்பி ஒரே வயதுத் தோப்பாக நின்றன. தழை கடிக்கும் விலங்கு குறைந்தால் மரம் வருகிறது, புல் மேயும் விலங்கு கூடினாலும் மரம் வருகிறது. எந்த விலங்கு, எதைத் தின்கிறது என்று பார்க்காமல் 'மேய்ச்சல் கெடுதி' என்று பொதுவாகச் சொல்வது தவறு.

சென்னைக்கு வருவோம். கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர். 1978-இல் தேசியப் பூங்காவானது. நான்கு பக்கமும் நகரம். உள்ளே புள்ளிமான் நிறைய. அது புல்லும் தின்னும், தழையும் தின்னும், உதிர்ந்த பழமும் தின்னும். மான் வெளியேற வழியில்லாத இப்படிப்பட்ட மூடிய வளாகம் எதிலும் மழைக்குப் பின் தரையைப் பாருங்கள், கன்றுகள் பாய் விரித்தாற்போல் இருக்கும். ஆடி மாதம் போய்ப் பாருங்கள், மான் தொடாத இனங்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். முதிய மரம் உண்டு, பொடிக்கன்று உண்டு, நடுவில் யாரும் இல்லை. முதிய மரங்கள் விழும் காலத்தில் அங்கே என்ன நிற்கும் என்பதுதான் நம்மைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டிய கேள்வி.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கணக்கெடுக்கப் பெரிய படிப்பு வேண்டுமா?

வேண்டாம். கயிறு, நான்கு குச்சி, நோட்டு போதும். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரங்களை, நல்ல இடம் கெட்ட இடம் என்று தேர்ந்தெடுக்காமல், இடைவெளி விட்டு அமையுங்கள். ஒவ்வொன்றிலும் இனவாரியாக எண்ணுங்கள்: முழங்காலுக்குக் கீழே எத்தனை, முழங்காலிலிருந்து தலை வரை எத்தனை, தலைக்கு மேல் எத்தனை. பெரிய மரங்களுக்கு நெஞ்சு உயரத்தில் சுற்றளவு.

ஆரோக்கியமான இனத்தில் பொடிசுகள் மிக அதிகமாகவும், நடுத்தரம் குறைவாகவும், பெரியவை அதைவிடக் குறைவாகவும் இருக்கும். நடு வரிசை காலி என்றால் தடை மேய்ச்சலிலோ தீயிலோ இருக்கிறது. பொடிசே இல்லை என்றால் சிக்கல் விதையில்: தாய்மரம் குறைவு, அல்லது விதை பரப்பும் உயிர் இல்லை, அல்லது விதை முளைக்கும் இடமெல்லாம் சருகும் குப்பையும் மூடிவிட்டன. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

தையில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை எண்ணுங்கள். அக்னி நட்சத்திரத்தைத் தாண்டிய கன்றைத்தான் கணக்கில் சேர்க்கலாம். கடித்த தடம், கருகிய நுனி, அரிவாள் வெட்டு ஆகியவற்றையும் எழுதிவையுங்கள். எண்ணிக்கையைவிட இந்தக் குறிப்புகள்தான் பின்னால் உதவும்.

ஆடு மாடு மேய்ப்பவர்களை வரவிடாமல் செய்ய வேண்டுமா?

கூடாது. முதல் காரணம், அவர்கள் நமக்கு முன்னாலிருந்தே அந்த நிலத்தில் இருக்கிறவர்கள். இரண்டாவது, மேலே சொன்ன விதை விஷயம். மூன்றாவது, மாடு புல்லைக் குறைத்தால் கோடையில் தீ பரவுவது குறையும்.

பேசிப் பாருங்கள். "அண்ணே, ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் இந்தக் கரையை மட்டும் விட்டுடுங்க, அந்தப் பக்கம் மேய்க்கலாம்" என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வருஷம் ஒரு துண்டு என மாற்றி மாற்றி மூடினால் போதும். முழுவதும் முள்கம்பி வேலி போடப் பணமும் தேவையில்லை. கன்றைச் சுற்றி வெட்டிய இலந்தை முள்ளைக் கவிழ்த்து வைக்கும் பழைய முறை ஆட்டுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. மாடும் ஆடும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். மாடு முதலில் புல்லைத் தேடும், ஆடு முதலில் தழையைத் தேடும்.

தீ நல்லதா கெட்டதா?

இடத்தைப் பொறுத்தது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 1954 முதல் ஒரே நிலங்களை வெவ்வேறு இடைவெளியில் எரித்தும் எரிக்காமலும் பார்த்து வருகிறார்கள். தீ மரத்தைக் கொல்வதைவிட அதன் உயரத்தைத்தான் அதிகம் கட்டுப்படுத்துகிறது என்பது அங்கிருந்து கிடைத்த தெளிவு. தடித்த பட்டையும் நிலத்தடி வேர்ச் சேமிப்பும் உள்ள இனங்களுக்குத் தீ பழகிய விஷயம். குருந்து, காயா போன்ற உலர் பசுமைமாறா மரங்களுக்கு அப்படி இல்லை.

சென்னைப் புறநகரில் வரும் தீ குப்பை எரிப்பதாலும் அணைக்காத பீடியாலும் வருவது. பங்குனி, சித்திரையில் வருகிறது. கன்றுகளுக்கு அதைவிட மோசமான காலம் கிடையாது. நகரத்துக்குள் எரித்துப் பரிசோதிக்க வேண்டாம். மாசி முடிவதற்குள் ஓரங்களில் இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்குக் காய்ந்த புல்லை அறுத்துவிடுங்கள்.

சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிவிட்டால் நாட்டு மரம் வருமா?

ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்தால் வராது. மறுபடி சீமைக்கருவேலம்தான் வரும். 1870களில் சென்னை மாகாணத்துக்கு விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட இந்த மரத்தின் விதை மண்ணுக்குள் நிறையக் கிடக்கிறது. மேல்மண் புரண்டு வெயில் பட்டதும் அதுதான் முதலில் எழும். அதன் நிழலில் ஏற்கெனவே வந்திருந்த வேம்பும் நுணாவும் ஜேசிபி சக்கரத்தில் போய்விடும். பறவை அங்கேயும் உட்கார்ந்து விதை போட்டிருக்கிறது, அதை மறக்கக்கூடாது.

நான் பரிந்துரைப்பது: முதலில் உள்ளே புகுந்து நாட்டுக் கன்றுகளுக்குத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றின் தலைக்கு மேலே மறைக்கும் சீமைக்கருவேலக் கிளைகளை மட்டும் முதல் வருஷம் கழியுங்கள். கன்று பிடித்துக்கொண்ட பிறகு, துண்டு துண்டாக மரத்தை எடுங்கள். தரைமட்டத்தில் வெட்டினால் புதர்போலப் பத்து கிளை வரும். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று மழைக்காலம் பொடி நாற்றுகளைக் கையால் பிடுங்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் சின்னத் துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளை வைத்து ஏதாவது செய்யலாமா?

நிச்சயமாக. நைஜர் நாட்டின் மரடி பகுதியில் 1980களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் ஊழியர் நட்ட கன்றுகளெல்லாம் செத்துக்கொண்டிருந்தன. வயலில் புதர் என்று எல்லோரும் நினைத்தவை வெட்டுப்பட்ட மரங்களின் மறுதாம்புகள் என்பதை 1983 வாக்கில் அவர் கவனித்தார். அவர் பார்த்த செடி பிலியோஸ்டிக்மா. நம் ஆத்திக்கு நெருங்கிய உறவு, இலையும் அதேபோல் பிளந்த குளம்பு வடிவம். விவசாயிகள் வெட்டுவதை நிறுத்திக் கழித்துவிடத் தொடங்கினார்கள். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. 2018-இல் அவருக்கு 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. மரம் அரசுக்கு மட்டும் சொந்தம் என்ற நிலை தளர்ந்து, வளர்ப்பவருக்கும் பலன் உண்டு என்று விவசாயிகள் நம்பத் தொடங்கியதும் அங்கே பெரிய காரணம்.

செய்முறை எளிது. ஒரு கட்டையில் பதினைந்து தழைவு வந்திருந்தால் நேராகவும் திடமாகவும் இருக்கும் மூன்று முதல் ஐந்தை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். விட்டவற்றின் கீழ்ப்பாதியில் உள்ள பக்கக் கிளைகளைக் கழியுங்கள். அடுத்த வருஷம் மறுபடி பார்த்து இன்னும் குறைக்கலாம். உசில், ஆத்தி, இலந்தை, வேம்பு எல்லாம் இதற்கு நன்றாக ஒத்துழைக்கும்.

பனை?

பனைக்கு மறுதாம்பு கிடையாது, விதை மட்டும்தான். ஆனால் அதன் முளைக்கும் விதம் அற்புதம். கொட்டையிலிருந்து வரும் முளை முதலில் கீழ்நோக்கி மண்ணுக்குள் போகிறது. குருத்தைப் பாதுகாப்பாக ஆழத்தில் கொண்டுவைத்த பிறகே இலை மேலே வருகிறது. நாம் தின்னும் பனங்கிழங்கு அந்தப் பயணத்தின் நடுக்கட்டம். அப்புறம் பல வருஷம் ஓலை மட்டுமே தெரியும். ஆடு கடித்தாலும் தீ பட்டாலும் குருத்து தரைக்குக் கீழே பத்திரமாக இருக்கும். ஏரிக்கரையில் வடலி (இளம்பனை) இருந்தால் அதைச் சுற்றிக் குழி தோண்டாமல் இருப்பதே பெரிய உதவி. 2021 முதல் தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை.

மியாவாக்கி காடு வைத்தால் சீக்கிரம் முடிந்துவிடுமே?

சின்ன இடத்தில் பல இன மரங்களை மிக நெருக்கி நடும் முறை இது. கோட்டூர்புரம் மாதிரி இடங்களில் மாநகராட்சி வைத்திருக்கிறது; குப்பை கொட்டிய நகர்ப்புறத் துண்டுக்கு அது சரி. புல்வெளியிலும் புதர்க்காட்டிலும் அதை வைக்காதீர்கள். நெருக்கி நட்ட மரத்தின் கீழே புல் செத்துவிடும். புல்லோடு வெளிமானும் வானம்பாடியும் ஆள்காட்டியும் போகும்.

அப்படியானால் எத்தனை மரம் இருந்தால் போதும்?

புதர்க்காடாக இருந்த இடம் அடர்த்தியாகட்டும். புல்வெளியாக இருந்த இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போதும். மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த இலக்கைத் திறந்த புல்நிலத்தை மூடி எட்டினால் ஒரு வாழிடத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியதாகிவிடும். பழைய வரைபடம், ஊர்ப் பெரியவர்களின் நினைவு, நிற்கும் புல் வகை ஆகிய மூன்றையும் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

எத்தனை வருஷம் ஆகும்?

களாவும் நுணாவும் மூன்று நான்கு மழைக்காலத்தில் கண்ணுக்குத் தெரியும். உசில், வேம்பு பத்து வருஷத்தில் நிழல் தரும். பாலையும் வீரையும் நம் பேரப்பிள்ளைகளுக்கு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது. சேலையூர்க் காட்டையொட்டிய அந்த நிலத்தில் அன்றிலிருந்து காட்டிய பொறுமைதான் இன்று அங்கே நடந்தால் தெரிகிற புதர்க்காடு.

நாங்களே நன்மங்கலத்திலோ வண்டலூரிலோ போய்ச் செய்யலாமா?

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு கிளையைக்கூட வெட்டக்கூடாது, வேலியும் போடக்கூடாது. ஆர்வம் இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தாகக் கேளுங்கள். கணக்கெடுப்பில் உதவுவதாகச் சொன்னால் பேச்சு எளிதாகத் தொடங்கும். ஏரிக்கரை பெரும்பாலும் நீர்வளத் துறையிடமோ உள்ளாட்சியிடமோ இருக்கும், கோயில் நிலம் அறநிலையத் துறையிடம். கல்லூரி, தொழிற்சாலை, குடியிருப்பு வளாகங்களில்தான் உடனே தொடங்க முடியும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது தோட்ட ஒப்பந்தக்காரரை. 'களை' என்று அவர் வாராவாரம் அறுக்கும் இடத்தில் பத்து மீட்டர் சதுரம் ஒன்றைக் கயிறு கட்டி, ஒரு வருஷம் கத்தி படாமல் விடச் சொல்லுங்கள்.